மெஷினுக்கு ரெசிப்பி போகவில்லை, அவசர உதவி தேவை

சாவிக்கொத்து:
வணக்கம். ஓசூரில் உதிரிபாகம் செய்கிற கம்பெனி. மாடல் மாறும்போதெல்லாம் ஆபரேட்டர் திரையில் அளவுகளைக் கையால் அடிக்கிறார். அதை நிறுத்திவிட்டு எங்கள் சாஃப்ட்வேரே மெஷினுக்கு ரெசிப்பி (அந்த மாடலுக்கான அளவுகள்) அனுப்ப வேண்டும். பிங் (லைன் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறது, கனெக்‌ஷனும் ஆகிறது, டேட்டா கேட்டால் எரர். திங்கட்கிழமை ஆடிட். யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

பேனல்போர்டு:
மெஷினை ஓட்டும் பிஎல்சி (கன்ட்ரோலர்) எது? எந்த மென்பொருளில் எழுதினீர்கள்? எரரில் என்ன இருக்கிறது?

ஸ்விட்ச்_மணி:
கேபிள்தான் சார். வெல்டிங் மெஷினை ஒட்டி ஷீல்டு இல்லாத கேபிள் ஓடினால் இப்படித்தான். மாற்றிப் பாருங்கள்.

ஏணிப்படி:
பிங் நிற்காமல் போகிறது என்கிறார், நீங்கள் கேபிளை மாற்றச் சொல்கிறீர்கள். கேட்பவரும் பிஎல்சி பெயரைச் சொல்லவில்லை. இங்கே யாரும் ஜோசியம் பார்ப்பதில்லை தம்பி.

சாவிக்கொத்து:
மன்னிக்கவும். சீமென்ஸ் எஸ்7-1200. பைத்தானில் எழுதினோம், பிஎல்சியோடு பேச ஸ்நாப்7 லைப்ரரி. டிபி 10-ஐ (பிஎல்சியில் டேட்டா இருக்கும் பிளாக்) படித்தால் ‘அட்ரஸ் அவுட் ஆஃப் ரேஞ்ச்’ என்று வருகிறது.

ஏணிப்படி:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு பேச்சே இல்லை. கனெக்‌ஷன் ஆகிறது என்றால் ரேக் 0, ஸ்லாட் 1 (சிபியு இருக்கும் இடத்தைச் சொல்லும் எண்கள்) சரியாகத்தான் கொடுத்திருக்கிறீர்கள். புட்/கெட் (வெளியிலிருந்து படிக்க, எழுத விடும் வசதி) அனுமதி இல்லையென்றால் வேறு எரர் வரும். டிபி 10 உண்மையில் இருக்கிறதா, கேட்கிற நீளம் அதற்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் அந்த டிபி ‘ஆப்டிமைஸ்டு’ ஆக இருக்கிறது. அதில் எந்த வேரியபிள் எங்கே இருக்க வேண்டும் என்பதை சிபியுவே (பிஎல்சியின் மூளை) முடிவு செய்யும், பைட் 0-லிருந்து கொடு என்று கேட்டால் கொடுக்காது. டிஐஏ போர்ட்டலில் (சீமென்ஸின் ப்ரோக்ராமிங் மென்பொருள்) டிபியின் ப்ராப்பர்ட்டீஸில் ‘ஆப்டிமைஸ்டு’ டிக்கை எடுத்து, கம்பைல் செய்து பிஎல்சிக்கு டவுன்லோடு செய்யுங்கள். மேனுவலில் இருக்கிற விஷயம்.

நைட்ஷிஃப்ட்:
அவசரப்பட்டு டவுன்லோடு செய்துவிடாதீர்கள்! டிபி ரீஇனிஷியலைஸ் ஆகும், ஆபரேட்டர் அடித்து வைத்த அளவுகள் எல்லாம் ஸ்டார்ட் வேல்யூவுக்கு (ப்ரோக்ராமில் முதலில் போட்ட எண்) போய்விடும். முதலில் ஆன்லைனில் இப்போதிருக்கும் அளவுகளை ஸ்னாப்ஷாட் எடுங்கள். மெஷின் நிற்கும்போது மட்டும் செய்யுங்கள்.

சாவிக்கொத்து:
மெஷின் செய்து கொடுத்தவர் ப்ராஜெக்ட் ஃபைல் தரவில்லையே?

பேனல்போர்டு:
பாஸ்வேர்டு போடவில்லை என்றால் சிபியுவிலிருந்தே புதிய ஸ்டேஷனாக அப்லோடு செய்துகொள்ளலாம்.

முகில்:
இந்தக் காலத்தில் ஸ்நாப்7 எதற்கு? ஃபர்ம்வேர் (சிபியுவின் உள் மென்பொருள்) 4.4 முதல் ஓபிசி யுஏ (மெஷின் டேட்டாவைப் பகிரும் பொது முறை) சர்வர் உள்ளேயே இருக்கிறது. வேரியபிளைப் பெயர் சொல்லிக் கேட்கலாம், ஆஃப்செட் (எந்த பைட்டில் இருக்கிறது என்ற கணக்கு) தொல்லையே இல்லை.

ஏணிப்படி:
லைசென்ஸ் காசை நீங்கள் கட்டுவீர்களா? பழைய சிபியு என்றால் 4.4 ஏறவே ஏறாது.

முகில்:
புட்/கெட்டில் பாஸ்வேர்டு கிடையாது. அதே நெட்வொர்க்கில் இருக்கிற எவனும் எழுதலாம். 2010-இல் ஸ்டக்ஸ்நெட் வைரஸ் பிஎல்சிகளை என்ன செய்தது என்று மறந்துவிட்டதா?

ஏணிப்படி:
ஸ்டக்ஸ்நெட் யுஎஸ்பி வழியாக வந்து, சீமென்ஸின் ஸ்டெப் 7 மென்பொருள் இருந்த கம்ப்யூட்டரைப் பிடித்தது. அதற்கும் புட்/கெட்டுக்கும் என்ன சம்பந்தம்? கேட்டதை எல்லாம் இங்கே கொட்டாதீர்கள்.

முகில்:
சம்பந்தம் இல்லாமல் என்ன? உங்கள் பிளாண்டில் ஆபீஸ் வைஃபையும் மெஷினும் ஒரே நெட்வொர்க்கில்தானே இருக்கும்?

நைட்ஷிஃப்ட்:
அந்தச் சண்டையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். சாவிக்கொத்து, படிப்பதில் ஆபத்து இல்லை, எழுதுவதில்தான். ஓடுகிற அளவுகளின் மேலேயே எழுதாதீர்கள். தனியாக ஒரு டிபியில் ரெசிப்பியை வைத்து, கடைசியில் ஒரு ரிக்வெஸ்ட் பிட் (‘எடுத்துக்கொள்’ என்று சொல்லும் 0/1 அடையாளம்) போடுங்கள். சைக்கிள் முடிந்து மெஷின் சும்மா இருக்கும்போது பிஎல்சி, அளவுகள் வரம்புக்குள் இருக்கின்றனவா என்று பார்த்து, தானே எடுத்துக்கொண்டு பதில் பிட் போடட்டும். இல்லையென்றால் பாதி பழைய மாடல், பாதி புது மாடலில் ஒரு பீஸ் வெளியே வரும்.

சாவிக்கொத்து:
டிக் எடுத்ததும் படிக்கிறது. ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டுத்தான் செய்தோம். எழுதுவது ஆடிட்டுக்கு அப்புறம். நன்றி.

ஸ்விட்ச்_மணி:
கேபிளையும் மாற்றினீர்களா?