‘டிஸ்மேன்டில்’ என்ற ஆங்கில வினையை எங்கே பயன்படுத்தலாம்?

கேள்வி:
ஆலை ஒன்றுக்கான பராமரிப்புக் கையேட்டை ஆங்கிலத்தில் எழுதி வருகிறேன். ‘பம்பைக் கழற்றவும்’, ‘பம்பின் மூடியைக் கழற்றவும்’ ஆகிய இரண்டு இடங்களிலும் ‘டிஸ்மேன்டில்’ என்றே எழுதலாமா? ‘டெமாலிஷ்’, ‘டிஸ்அசெம்பிள்’ ஆகியவற்றிலிருந்து இது எவ்வகையில் வேறுபடுகிறது என்பதையும் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
மூடிக்கு எழுதக் கூடாது. தமிழில் ‘கழற்று’ என்ற ஒரே வினை முழுப் பொருளுக்கும் அதன் உறுப்புக்கும் பொருந்துவதால்தான் இந்தக் குழப்பம் நேர்கிறது. ஆங்கிலத்தில் டிஸ்மேன்டிலுக்குச் செயப்படுபொருளாக வருவது, பல உறுப்புகளால் ஆன முழுப் பொருளாக இருக்க வேண்டும். ஆகவே பம்பை டிஸ்மேன்டில் செய்யலாம். மூடியை ‘ரிமூவ்’ செய்கிறோம் என்பதே சரி.

டெமாலிஷ் என்பது இடித்துத் தகர்ப்பது. மத்தியப் பொதுப்பணித் துறையின் கட்டுமான விவரக்குறிப்புகள் இவ்விரண்டையும் தெளிவாகவே பிரிக்கின்றன: பாகங்களைச் சேதமின்றிக் கவனமாகப் பிரித்தெடுப்பது டிஸ்மேன்டில், உடைத்தெடுப்பது டெமாலிஷ். ஒப்பந்தக்காரர்கள் இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்துகிறார்களா என்பது வேறு கதை.

பதில் 2:
பிரித்ததை மீண்டும் பூட்டியே ஆக வேண்டும் என்ற பொருள் டிஸ்மேன்டிலில் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். 1831இல் திறக்கப்பட்ட லண்டன் பாலம் 1960களின் இறுதியில் விற்கப்பட்டபோது, அதன் முகப்புக் கற்களுக்கு எண்ணிட்டுக் கழற்றி அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துக்குக் கொண்டுசென்றார்கள்; புதிய கான்கிரீட் கட்டமைப்பின்மீது அவற்றைப் பதித்து 1971இல் மீண்டும் திறந்தார்கள். குஜராத்தின் அலங்கில் கரையேற்றப்படும் பழைய கப்பல்களோ இரும்புக்காகவே பிரிக்கப்படுகின்றன. இரண்டுக்கும் டிஸ்மேன்டில் பொருந்தும்.

கோட்டை மதிலை அகற்றுதல் என்ற பொருளுடைய பழைய பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது இது. அதனாலோ என்னவோ, அமைப்புகளையும் சட்ட ஏற்பாடுகளையும் படிப்படியாகக் கலைப்பதற்கும் இது இயல்பாக வருகிறது. தென்னாப்பிரிக்காவின் நிறவெறிச் சட்டங்கள் 1990களின் தொடக்கத்தில் நீக்கப்பட்டதைப் பற்றி எழுதுவோர் இச்சொல்லையே பெரிதும் ஆள்கிறார்கள். அங்கே டிஸ்அசெம்பிள் என்று எழுதினால் நகைப்புக்கிடமாகும். அது பெரும்பாலும் இயந்திரம் போன்ற பொருள்களோடு நின்றுவிடுகிற சொல்.

கேட்டவர்:
நன்றி. இந்தப் பம்பைச் சுத்தம் செய்து மறுபடியும் பூட்டிவிடுவார்கள். அப்படியானால்?

பதில் 1:
அப்படியானால் டிஸ்அசெம்பிள் என்றே எழுதுங்கள். அடுத்த பக்கத்தில் ‘ரீஅசெம்பிள்’ என்ற தலைப்பு வருமானால் இரண்டும் இணையாக அமையும். ஆயுள் முடிந்த பம்பைப் பீடத்திலிருந்து பெயர்த்துப் பிரித்து அப்புறப்படுத்தும் பகுதிக்கு டிஸ்மேன்டிலை வைத்துக்கொள்ளுங்கள்.