முடிதானே என்று துடைத்துவிடாதீர்கள்

எங்கள் பூனைக்கு இரண்டு வயது. எப்போதாவது முடி கக்குவாள். சுருட்டு மாதிரி நீளமாக, ஈரமாக ஒன்று விழும். சிறிது நேரத்தில் கிண்ணத்தைத் தேடி வந்துவிடுவாள். அதனால் அன்று விடிகாலையில் ஓங்கரிக்கும் சத்தம் கேட்டபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் விழுந்தது முடி இல்லை, வெள்ளை நுரை. விடிந்த பிறகு இன்னும் இரண்டு முறை. அப்புறம் மஞ்சளாகப் பித்தம். சாப்பாட்டை முகர்ந்து பார்த்து, உதட்டை நக்கியபடியே விலகிப் போனாள். கட்டிலுக்கு அடியில் கூனி உட்கார்ந்தவள் கூப்பிட்டும் வரவில்லை.

மருத்துவர் அவள் வாயைத் திறந்து, தாடைக்கு அடியிலிருந்து கட்டைவிரலால் மெல்ல அழுத்தினார். நாக்கு உயர்ந்தது. அதன் வேரைச் சுற்றி நீலத் தையல் நூல் ஒன்று மாட்டியிருந்தது. இழுத்துவிடலாம் என்று நான் கை நீட்டிவிட்டேன். உடனே தடுத்தார்.

நூலின் ஒரு முனை சிக்கிக்கொண்டால் குடல் அதை முன்னே தள்ளப் பார்க்குமாம். நூல் நகராது, குடல்தான் நாடா கோத்த பாவாடை போலச் சுருங்கி அதன்மேல் ஏறும். அந்த நிலையில் இழுத்தால் நூல் குடலையே அறுத்துவிடும். ஆசனவாயில் நூல் தொங்கினாலும் இதே கதைதான், தொடக் கூடாது. பூனையின் நாக்கிலுள்ள முட்கள் தொண்டைப் பக்கம் சாய்ந்திருப்பதால், வாய்க்குள் போன நூலை அதனால் சுலபமாகத் துப்பவும் முடியாது. அன்றே அறுவை சிகிச்சை. பிழைத்துக்கொண்டாள்.

*

உங்கள் பதிவைப் படிக்கும்போதே நெஞ்சு பதறியது. எங்கள் வீட்டுக் கிழவனுக்குப் பதின்மூன்று வயது. வாரம் இரண்டு வாந்தி, ஆனால் பசி அபாரம். நன்றாகத்தானே சாப்பிடுகிறான் என்று இருந்துவிட்டோம். ஒருநாள் தடவும்போது முதுகெலும்பு கையில் தட்டியது. ரத்தப் பரிசோதனையில் தைராய்டு அதிகம் என்று வந்தது. இப்போது தினமும் மாத்திரை, எடை ஏறியிருக்கிறது. வயதான பூனை நிறையச் சாப்பிட்டும் மெலிந்தால் காத்திருக்காதீர்கள்.

*

என் அனுபவம் சின்னது. என் பூனைக்குச் சாப்பிட்ட உடனே, வயிறு குலுங்காமல், மென்ற உணவு அப்படியே வெளியே வரும். வீடியோ எடுத்துக் காட்டினேன். இது வாந்தியே இல்லை, எதுக்களிப்பு. அவசரமாக விழுங்குகிறது என்றார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, அகலத் தட்டில் பரப்பி வைத்தேன். நின்றுவிட்டது.

*

ஆண் பூனை வைத்திருப்பவர்கள் இதையும் கவனியுங்கள். என் பையன் வாந்தி எடுத்ததும் வயிற்றுக் கோளாறு என்றுதான் நினைத்தேன். மணல் தட்டுக்குப் போய்ப் போய் முக்கினான். ஒரு சொட்டுகூட வரவில்லை. சிறுநீர்ப் பாதை அடைத்திருந்தது. ஓரிரு நாளில் உயிரே போய்விடும் விஷயம் அது. ராத்திரி என்று பார்க்காமல் தூக்கிக்கொண்டு ஓடியதால் தப்பினான்.

*

முதலில் எழுதியவள்தான். பட்டினி போட்டால் வயிறு சரியாகுமா என்று ஒருவர் தனியாகக் கேட்டார். தயவுசெய்து வேண்டாம். பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே, குறிப்பாகக் குண்டுப் பூனை என்றால், கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து ஆபத்தாகிவிடும். நமக்கு வாங்கிய மாத்திரையும் கொடுக்கக் கூடாது. பாராசிட்டமால் பூனைக்கு விஷம். லில்லிப் பூவைக் கடித்திருந்தாலோ, அதன் மகரந்தத்தை நக்கியிருந்தாலோ வாந்தி வரும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம், சிறுநீரகம் போய்விடும். லில்லி வைத்த பூச்சாடித் தண்ணீரைக் குடித்திருந்தாலும் அப்படியே.

நான் இப்போது துடைப்பதற்கு முன் ஒரு படம் எடுத்து, தேதியும் நேரமும் குறித்துவைக்கிறேன். தையல் பெட்டி பூட்டிய அலமாரிக்குள் போய்விட்டது. வயிற்றில் மழித்த இடத்தில் அவளுக்குப் புது முடி வந்துவிட்டது, முன்பைவிட மெத்தென்று இருக்கிறது.