'மினரலைசேஷன்': கனிமமாக்கலா, முற்றுச்சிதைவா?

கலைச்சொல் குழுமத்தாருக்கு வணக்கம்.

சாயக்கழிவுநீர் பற்றிய கட்டுரையில் 'மினரலைசேஷன்' வருகிறது. 'கனிமமாக்கல்' என்று முன்பு இங்கே யாரோ தந்திருந்தார்கள். எனக்கு ஒட்டவில்லை. கனிமம் என்றாலே எங்கள் பக்கம் குவாரியும் மணல் லாரியும்தான்.

விஷயம் இது. ஃபென்டன் 1894-இல் வெளியிட்ட வினை: இரும்பு உப்போடு ஹைட்ரஜன் பெராக்சைடு. நீர் பிஎச் 3 அளவில், அதாவது நல்ல அமிலமாக, இருந்தால் ஹைட்ராக்சில் தனியுறுப்பு ('ரேடிக்கல்', எதையும் உடனே தாக்கும் துண்டு) பிறக்கிறது. (இலங்கையில் மூலிகம் என்பார்கள், நம்முடையதைவிட அழகு.) அது தாக்கி, அசோ வகைச் சாயத்தில் இரு நைட்ரஜன்களுக்கு இடையிலுள்ள பிணைப்பு அறுந்ததும் நிறம் போய்விடும். பட்டறையில் 'கலர் எடுத்தாச்சு' என்பது இந்தக் கட்டத்தைத்தான். ஆனால் பென்சீன் வளையங்கள் கண்ணுக்குத் தெரியாமல் நீரிலேயே கிடக்கும். அவையும் உடைந்து கார்பன் டைஆக்சைடும் நீரும் ஆனால்தான் வேலை முடிந்தது; அதுதான் மினரலைசேஷன். நிறநீக்கம் வேறு, இது வேறு என்று காட்ட 'முற்றுச்சிதைவு' எனலாமா?

*

> 'முற்றுச்சிதைவு' எனலாமா?

ஐயா, காதுக்கு நன்றாக இருக்கிறது, பொருள்தான் இடிக்கிறது. முற்றும் சிதைந்தால் ஒன்றும் மிஞ்சவில்லை என்றல்லவா படிப்பவர் எடுத்துக்கொள்வார்? சாயத்திலிருந்த கந்தகம் சல்பேட்டாகவும் குளோரின் குளோரைடாகவும் நீரில் நிற்கின்றன. சாயம் துணியில் ஏற வேண்டுமென்று கொட்டிய உப்பு அதற்கு மேலே. கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பை இந்த வினை தொடுவதே இல்லை. அதற்கு உப்பைப் பிரிக்கும் சவ்வும் ஆவியாக்கியும் வேண்டும். திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கிய, நொய்யல் ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே வயல் கெட்டதில் நிறத்தைவிட உப்புக்கே பங்கு அதிகம்.

பள்ளியில் கரிம வேதியியல், கனிம வேதியியல் என்று படித்தோமே. கரிமப்பொருள் கனிமப்பொருளாகிறது. உப்பு மிஞ்சும் என்பதைக் 'கனிமமாக்கல்' என்ற சொல்லே ஒப்புக்கொள்கிறது.

*

மறுக்க முடியவில்லை அம்மா. குவாரி லாரியை மறந்துவிடுகிறேன்.

ஒரு சிறு பிரிப்பு மட்டும்: வினையைச் சொல்லும்போது 'கனிமமாதல்', ஆலை செய்வதைச் சொல்லும்போது 'கனிமமாக்கல்'. 'சாயம் 2 மணி நேரத்தில் கனிமமானது' என்று வினைமுற்றாகவும் எழுத வருகிறது. முற்றுச்சிதைவில் அது வராது.

அடுத்தது, வினை முடிந்து சுண்ணாம்பு போட்டதும் அடியில் படியும் செம்பழுப்புச் சேறு. பட்டறையில் ஸ்லட்ஜ். 'இரும்புக் கசடு' என்று எழுதி வைத்திருக்கிறேன். மறுப்பு உண்டா?