‘செட்’ என்ற ஒரு சொல்லுக்கு எத்தனை அர்த்தம் மனப்பாடம் பண்ணுவது?

கொருக்குப்பேட்டை டியூஷன்:
ஏழாம் வகுப்புப் பையன் ஒருத்தன் நோட்டில் ‘செட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு பக்கம் முழுக்க அர்த்தம் எழுதிக் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொல்லியிருக்கிறார்கள். கடகடவென்று ஒப்பிக்கிறான். ஆனால் ‘தி சன் செட்ஸ் இன் தி வெஸ்ட்’ என்று கேட்டால் “சூரியன் மேற்கில் வைக்கிறது” என்கிறான், ஏனென்றால் பட்டியலில் முதலில் இருப்பது ‘வை’. அந்தப் பட்டியலை மூடிவிட்டு, மைக் செட், செட் தோசை, சினிமா செட், கான்கிரீட் செட் ஆவது என்று அவன் வாயில் ஏற்கெனவே புழங்குகிற செட்டிலிருந்து ஆரம்பியுங்கள் என்பதுதான் என் கட்சி.

பழைய வண்ணை வாத்தியார்:
அக்கா, அங்கேதான் வம்பே. “அவனுக்கும் எனக்கும் செட் ஆவாது” என்று நாம் சொல்வது ஆங்கிலமே இல்லை. அந்தப் பழக்கத்தில் பிள்ளை ‘ஹி இஸ் நாட் செட் வித் மீ’ என்று பரீட்சையில் எழுதுவான். இறந்த காலத்திலும் மாறாமல் ‘செட்’ என்றே எழுத வேண்டியதை ‘செட்டட்’ என்று எழுதுகிறவர்கள் இன்னும் அதிகம். 1989-ல் வந்த ஆக்ஸ்போர்டு பேரகராதி இரண்டாம் பதிப்பில் இந்த ஒரு வினைச்சொல்லுக்கே 430 பொருள்கள். அத்தனையுமா கேட்கிறேன்? பாடப் புத்தகத்துக்குத் தேவையான பத்துப் பதினைந்தையாவது எழுதிப் படிக்க வேண்டும், வேறு வழியில்லை.

தண்டையார்பேட்டை சைட்:
வாத்தியார் சார், எங்கள் மேஸ்திரி எந்தப் பட்டியலும் படித்ததில்லை. ஆனாலும் “கலவை செட் ஆவுது, கை வைக்காதே” என்று அவர் சொல்வது சுத்தமான ஆங்கிலப் பொருள். சாதாரண சிமென்ட் 30 நிமிடத்துக்கு முன்னால் செட் ஆக ஆரம்பிக்கக் கூடாது, 600 நிமிடத்துக்குள் முழுக்க செட் ஆகிவிட வேண்டும் என்பது இந்தியத் தர விதி. அதற்கப்புறம் பல நாள் தண்ணீர் காட்டி அது வலுவாவது வேறு வேலை, அதற்கு ஆங்கிலத்தில் வேறு சொல். இந்த வித்தியாசம் மேஸ்திரிக்குத் தெரியும். எந்த நோட்டில் படித்தார்?

பெரம்பூர் ரயில்காரர்:
இரண்டு பேரும் இதை ஒரே சொல்லாக நினைத்துச் சண்டை போடுகிறீர்கள். எழுத்து ஒன்று, வேர் இரண்டு. ‘வைப்பது, நிலைநிறுத்துவது’ என்ற வினை பழைய ஆங்கிலத்தில் ‘சிட்’ என்பதன் பிறவினை, நம் உட்கார், உட்கார வை மாதிரி. ‘தொகுதி’ என்று பொருள்படும் செட் பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்தது. 2018-ல் இங்கே ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் ட்ரெயின் 18, அதாவது முதல் வந்தே பாரத் ரயில், உருவானதே, அதை ட்ரெயின்செட் என்பார்கள்: தனி இன்ஜின் கிடையாது, 16 பெட்டியும் சேர்ந்தே ஒரு தொகுதி. தோசையும் மைக்கும் இந்தப் பக்கம், சூரியனும் சிமென்ட்டும் அந்தப் பக்கம். இப்படி இரண்டாகப் பிரித்துக் காட்டினாலே பிள்ளைக்குப் பாதி குழப்பம் போய்விடும்.

பழைய வண்ணை வாத்தியார்:
பிரிப்பது நல்லதுதான் அண்ணே, ஆனால் லத்தீன் வேர் தெரிந்து ஏழாம் வகுப்புப் பிள்ளை என்ன செய்யப் போகிறது? ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் ‘கண மொழி’ பாடத்தை நன்றாகப் படித்த தமிழ் வழிப் பிள்ளை, பதினொன்றில் ஆங்கில வழிக்குப் போனதும் ‘செட்’ என்றால் முழிக்கிறது. கணம்தான் செட் என்று யாராவது எழுதிக் கொடுத்திருந்தால் போதும். அப்புறம் செட் அப், செட் ஆஃப், செட் இன்? இவை எதுவும் மைக் செட்டிலிருந்து வராது.

கொருக்குப்பேட்டை டியூஷன்:
கணக்குச் சொல்லை எழுதிக் கொடுங்கள் தம்பி, அதில் எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் செட் இன் ஏன் வராது? ஒவ்வொரு அக்டோபரிலும் ‘மான்சூன் செட்ஸ் இன்’ என்று ஆங்கிலப் பேப்பரில் வருகிறது. முட்டியளவு தண்ணீரில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு, மழை வந்து நிலைகொள்வதுதான் அது என்று ஒரே தடவை சொன்னால் போதும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை முடிந்து காசிமேட்டில் விசைப்படகுகள் கிளம்புவதை எங்கள் பிள்ளைகள் கண்ணால் பார்க்கிறார்கள். ‘தி போட்ஸ் செட் அவுட்’ என்பதை நான் அங்கேதான் சொல்லித் தருவேன்.

பழைய வண்ணை வாத்தியார்:
சரி அக்கா, அந்த வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். ‘நேற்று கிளம்பின’ என்று மாற்றச் சொல்லுங்கள். ‘செட்டட் அவுட்’ என்று எழுதாமல் எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள். அதுவரை நான் பட்டியலை விடுவதாக இல்லை.