கவிதை நாவலில் 'நாங்கள்' எப்போது 'நாம்' ஆகும்?

கேள்வி:
கவிதைகளாலேயே ஆன நாவல் ஒன்றை எழுதுகிறேன். அதில் ஊர் ஒதுக்கிய மூன்று பேர் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். நான்காவதாக ஒரு பெண் வருகிறாள். சுமார் 60 கவிதைகள், ஆளுக்கொரு குரல். அவளை அவர்கள் ஏற்கும் இடம் மட்டும் உபதேசமாக ஒலிக்கிறது. "நீயும் எங்களில் ஒருத்தி" என்று ஒருவர் சொன்னதும் கவிதை படுத்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
அந்த வரியை அடித்துவிடுங்கள். 'நாங்கள்' கேட்பவரை வெளியே நிறுத்தும், 'நாம்' உள்ளே சேர்க்கும். தமிழ் தரும் இந்த வேறுபாடே போதும். பிரதி முழுக்க இரண்டையும், 'எங்கள்', 'நம்' உட்பட, இரு நிறங்களில் வட்டமிடுங்கள். திருப்பத்துக்கு முன் அவளிடம் பேசும் எந்த வரியிலும் 'நாம்' கூடாது. பிறகு, அவளிடம் கடுமையாக இருந்தவர், கூரை ஒழுகுவது போன்ற சாதாரணப் பேச்சில் "நம்ம கூரை" என்று சொல்லட்டும். நடுவில் வரும் கவிதைகளில் எழுவாயை விட்டு "போகிறோம்" என்று மட்டும் எழுதினால், அவள் சேர்த்தியா இல்லையா என்ற ஐயம் நிற்கும்.

கெடுவது எங்கே என்றால், தத்துவமாக வரும் 'நாம்'. 12-ஆம் கவிதையில் "நாம் எல்லோரும் மண்தான்" என்று யாராவது சொல்லியிருந்தால் 40-இல் வரும் 'நம்ம' யார் காதிலும் விழாது.

மறுமொழி 2:
சிலப்பதிகாரத்தில் கொலைக்களக் காதையைப் பாருங்கள். மதுரைக்குப் புதியவர்களான கண்ணகியையும் கோவலனையும் ஆயர்குல மாதரி ஏற்கும் இடம். செம்மண் பூசிய சிறுவீடு தருகிறாள். மகள் ஐயையைக் கண்ணகிக்கு நாத்தூண் நங்கையாக, அதாவது நாத்தனார் முறையில், துணை வைக்கிறாள். கோவலன் சாவக நோன்பி, அதாவது இரவில் உண்ணாத சமண இல்லறத்தான், என்பதால் பகலுணவு சமைக்க நல்ல கலங்களைத் தாமதிக்காமல் கொடுக்கச் சொல்கிறாள். பலாக்காய், வெள்ளரி, மாதுளங்காய், சாலி அரிசி எல்லாம் வருகின்றன. விருந்தினரின் நோன்பை யாரும் மாற்றவில்லை, அதற்கேற்ப அடுக்களைதான் நகர்கிறது! உங்கள் வீட்டிலும் அவளுக்காக இடம் மாறும் ஒரு பொருளைத் தேடுங்கள்.

மறுமொழி 3:
நால்வரும் ஒரே யாப்பில் பேசினால் மேலே சொன்னவை எடுபடா. அவளுக்கு இருசீர்க் குறளடி, மற்றவர்களுக்கு நாற்சீர் அளவடி. பின்னால் அவளை மட்டும் நாற்சீருக்கு இழுத்துவராதீர்கள். அது ஏற்பு ஆகாது, அவள் பணிந்ததாகிவிடும். மற்றவர்களின் கவிதைக்குள் ஒரு குறளடி நுழையட்டும்.

ஒரு கவிதை முடியும் சொல்லில் அடுத்ததைத் தொடங்கும் அந்தாதியும் உதவும், மூன்று நான்கு இடங்களில் மட்டும். நம் வாக்கியம் வினையில் முடிவதால் 'இருந்தது', 'என்றான்' ஆகியவைதான் ஈற்றில் நிற்கும். அடுத்தவர் அதை எடுத்துத் தொடங்கினால் சப்பென்றிருக்கும். "ஒழுகுகிறது கூரை" என்று புரட்டிப் பெயரில் நிறுத்துங்கள்.

கேட்டவர்:
மூவரில் ஒருவர் கடைசிவரை 'நாங்கள்' என்றே சொன்னால்?

மறுமொழி 1:
தாராளமாக. அவர் அப்படி நின்றால்தான் மற்ற இருவரின் 'நாம்' கேட்கும். ஆனால் அவருடைய காரணத்தைச் சொல்லும் கவிதை 20-க்கு முன்பே வந்துவிட வேண்டும். பிந்தினால் அவருக்காக நீங்கள் சமாதானம் சொல்வதுபோல் ஆகிவிடும்.