மும்பையில் எம்.எஸ்சி. பயோடெக் சேர்ந்திருக்கிறேன், முன்னால் வந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்

கோயம்புத்தூரில் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்தேன். மும்பைக்கு வந்து ஒன்பது நாள் ஆகிறது, தொழில்துறை மற்றும் சுற்றுச்சூழல் பயோடெக்னாலஜி பிரிவு. சயானில் இரண்டு மராத்திப் பையன்களோடு ஓர் அறை. இந்தி சுத்தமாக வராது. ஜீன், குளோனிங் என்று நினைத்துக்கொண்டு வந்தால் முதல் வாரமே மாஸ் பேலன்ஸ், அதாவது உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்ற கணக்கு போட வைத்துவிட்டார்கள், வயிறு கலங்குகிறது. வீடு, சாப்பாடு, படிப்பு, எதைப் பற்றி வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

*

தம்பி, நான் ராணிப்பேட்டைக்காரி. பதினொரு வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு பெட்டியும் ஊறுகாய் பாட்டிலுமாக தாதரில் வந்து இறங்கினேன். இப்போது நவி மும்பைப் பக்கம் கழிவுநீர் சுத்திகரிப்பில் வேலை.

சாப்பாட்டுக்குக் கவலையே இல்லை, சயானிலிருந்து மாட்டுங்கா பக்கம்தான். அங்கே மார்க்கெட்டில் சின்ன வெங்காயம், வாழைப்பூ, மல்லிகைச் சரம் எல்லாம் கிடைக்கும், கடைக்காரரிடம் தமிழிலேயே பேரம் பேசலாம். ஆனால் மாட்டுங்கா வேறு, மாட்டுங்கா ரோடு வேறு, ஒன்று சென்ட்ரல் லைன், மற்றது வெஸ்டர்ன் லைன், முதல் மாதம் எல்லோரும் ஒரு தடவையாவது மாறி இறங்குவோம். ரயில் பாஸுக்குக் கல்லூரியில் கன்செஷன் ஃபாரம் கொடுப்பார்கள், அதை இந்த வாரமே வாங்கிவிடு. வாடகை ஒப்பந்தம் இங்கே பெரும்பாலும் பதினொரு மாதம்தான், முடியும் தேதியைக் குறித்து வைத்துக்கொள்.

அப்புறம் இந்தி. தமிழ் போதும் என்று மாட்டுங்கா, தாராவி வட்டத்திலேயே இரண்டு வருடம் ஓட்டிவிடலாம், ஓட்டியவர்களும் உண்டு. உன் படிப்புக்கு அது ஆகாது. சுத்திகரிப்பு நிலையத்தில் விஷயம் தெரிந்த ஆள் அறையில் உட்கார்ந்திருக்கும் மேனேஜர் இல்லை, ராத்திரி ஷிஃப்டில் காற்று ஊதும் ப்ளோயர் பக்கத்தில் நிற்கும் ஆபரேட்டர்தான். "ஜாக் சஃபேத் ஹோ கயா" என்று ஒருவர் என்னிடம் சொன்னபோது தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். நுரை வெள்ளையாகிவிட்டது என்று அர்த்தம். கிருமிகளுக்குக் காற்று ஊதும் ஏரேஷன் தொட்டியில் வெள்ளை நுரை பொங்கினால், கழிவைத் தின்னும் கிருமிகள் சேர்ந்த கசடு இன்னும் இளசாக இருக்கலாம், இல்லையென்றால் உள்ளே சோப்பு வந்திருக்கலாம். பிசுக்கென்று கரும்பழுப்பில் படிந்தால் கசடு கிழடு தட்டிவிட்டது. லேபில் எம்.எல்.எஸ்.எஸ்., அதாவது தொட்டியில் மிதக்கும் கசடின் அளவு, அதை அளந்து, உலர்த்தி, எடை போட்டு மறுநாள் நான் கண்டுபிடித்ததை அவர் முந்தின நாளே வாயால் சொல்லியிருக்கிறார். அன்றைக்குத்தான் இந்தி கற்க ஆரம்பித்தேன்.

கணக்கைக் கண்டு பயப்படாதே, ஆனால் தப்பிக்கவும் பார்க்காதே. இந்தப் படிப்பில் பாதி இன்ஜினியரிங். ஃப்ளாஸ்கில் கிருமி வளர்ப்பது வீட்டில் நாலு பேருக்குச் சமைப்பது மாதிரி, கிருமி வளர்க்கும் பெரிய தொட்டியான ஃபெர்மென்டர் என்பது கல்யாணப் பந்தி. உப்பு, புளியை ஆயிரத்தால் பெருக்கினால் சாம்பார் வந்துவிடாது. முதல் பிரச்சினை ஆக்ஸிஜன். 30 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏழரை மில்லிகிராம் அளவுக்குத்தான் ஆக்ஸிஜன் கரையும், சூடு ஏற ஏற அதுவும் குறையும், அதே சூட்டில் கிருமிகள் இன்னும் அதிகமாகக் கேட்கும். கழிவுநீர் நிலையத்தில் கரன்ட் பில்லில் சுமார் பாதி காற்று ஊதவே போகிறது. இது மனசில் ஏறிவிட்டால், காற்றிலிருந்து ஆக்ஸிஜன் தண்ணீருக்குள் போகும் வேகத்தைச் சொல்லும் கே.எல்.ஏ. என்ற எழுத்தைப் பார்த்து வயிறு கலங்காது. உணவு அளவுக்கு ஏற்ப கிருமி வளரும் வேகத்தைச் சொல்லும் மோனோட் சமன்பாட்டையும், ஒரு பக்கம் ஊற்றி மறுபக்கம் வடியவிட்டு வளர்க்கும் கீமோஸ்டாட்டையும் இந்த செமஸ்டரிலேயே பிடித்துக்கொள். வளரும் வேகத்தைவிட வேகமாகத் தண்ணீரை உள்ளே விட்டால் கிருமிகள் அடித்துக்கொண்டு போய்விடும், அதுதான் வாஷவுட், மழைக்காலத்தில் நிலையங்களில் கண்ணெதிரே பார்க்கலாம்.

ஜீன் ஆசையை விடச் சொல்லவில்லை. விஞ்ஞானி ஆனந்த சக்ரபர்த்தி மரபணு மாற்றி உருவாக்கிய எண்ணெய் தின்னும் கிருமிக்கு காப்புரிமை கொடுக்கலாம் என்று 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதை நீயும் படித்திருப்பாய், அந்த ஒரு பத்தியைப் படித்துவிட்டு இந்தத் துறைக்கு வருபவர்கள் பாதிப் பேர், நானும்தான். ஆனால் 2010 ஆகஸ்டில் மும்பைத் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது கரைக்கு வந்தது டெரி என்ற டில்லி ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ஆயில்சாப்பர். இயற்கையாகக் கிடைத்த கிருமிகளின் கலவை, மக்காச்சோளத் தக்கைப் பொடியில் ஏற்றியது. காப்புரிமைக் கதையைவிட அந்தத் தக்கைப் பொடி எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

நான் செய்த முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜூலை மாதம், ஒரு தொழிற்பேட்டையில் கழிவுநீர் மாதிரி எடுத்துக்கொண்டு ஹார்பர் லைனில் திரும்பினேன். சுனாபட்டி பக்கம் தண்டவாளத்தில் தண்ணீர், ஐந்து மணி நேரம் ரயில் அசையவில்லை. பெண்கள் பெட்டியில் ஓர் அம்மா என் பையைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு "மச்லி ஹை க்யா?" என்றார். மீனாக இருந்திருந்தால் பரவாயில்லை. ஐஸ் முழுவதும் உருகிவிட்டது. கழிவை வேதிப்பொருளால் சிதைக்க எவ்வளவு ஆக்ஸிஜன் வேண்டும் என்பது சி.ஓ.டி., கிருமிகள் அதைத் தின்ன எவ்வளவு வேண்டும் என்பது பி.ஓ.டி. சி.ஓ.டி. பாட்டிலில் கந்தக அமிலம் சேர்த்திருந்ததால் அது தப்பித்தது. பி.ஓ.டி. மாதிரிக்கு அமிலம் ஊற்ற முடியாது, குளிர்ச்சிதான் காவல். பாட்டிலுக்குள்ளேயே கிருமிகள் பாதியைத் தின்று முடித்திருந்தன. சி.ஓ.டி. அதிகம், பி.ஓ.டி. குறைவு என்று பார்த்துவிட்டு, இந்தக் கழிவு உயிரியல் முறையில் மக்காது என்று இரண்டு வாரம் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். "மாதிரியை எத்தனை மணிக்கு எடுத்தாய்?" என்று கைடு ஒரே கேள்விதான் கேட்டார்.

இன்னொன்று, வெளிநாட்டுப் புத்தகத்தில் பி.ஓ.டி. என்றால் 20 டிகிரியில் 5 நாள். நம் நாட்டுக் கணக்கு 27 டிகிரியில் 3 நாள், ஆற்றில் விட லிட்டருக்கு 30 மில்லிகிராம் வரை என்ற பொது வரம்பும் அந்தக் கணக்கில்தான். வாய்மொழித் தேர்வான வைவாவில் இதை மாற்றிச் சொன்னால் அவ்வளவுதான்.

*

அக்கா, ரொம்ப நன்றி. ப்ராஜெக்டுக்கு இப்போதே யோசிக்கச் சொல்கிறார்கள். பிளாஸ்டிக் தின்னும் பாக்டீரியா எடுக்கலாமா?

*

2016இல் ஜப்பானில் சக்காய் ஊர்க் கிருமி செய்தியில் வந்ததிலிருந்து வருடம் பத்துப் பேர் அதைத்தான் கேட்கிறார்கள். ஆறு மாதத்தில் பிளாஸ்டிக் படலத்தில் ஒரு கீறலைப் படம் எடுத்துவிட்டு முடியும். வேண்டாம் என்பேன்.

ட்ராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம் (பி.ஏ.ஆர்.சி.) உருவாக்கிய நிசர்க்ருணா பற்றிப் படி, சமையலறைக் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் நிலையம். கழிவை முதலில் காற்றோடும் சூட்டோடும் கொஞ்சம் மக்கவைத்து, பிறகு காற்றில்லாத தொட்டிக்கு அனுப்புவார்கள். எரிவாயு திடீரென்று குறைந்தால் ஏன் என்று கண்டுபிடிப்பதே ஒரு முழு ப்ராஜெக்ட், காரம், எலுமிச்சைத் தோல், எண்ணெய் என்று காரணங்கள் சாப்பாட்டு மெனு மாதிரி நீளும். இல்லையென்றால் உங்கள் ஊர்ப்பக்கமே பார், திருப்பூர் சாயத் தண்ணீர், சேலத்து ஜவ்வரிசி ஆலைக் கழிவு. எனக்கு எங்கள் ஊர்த் தோல் பதனிடும் நாற்றம்தான் முதல் பாடப் புத்தகம்.

*

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். நான் செம்பூரில் இருக்கிறேன், ஃபெர்மென்டேஷன் பக்கம். தம்பி, சேர்ந்த கல்லூரியில் நீராவியால் உள்ளேயே கிருமிநீக்கம் செய்யும் ஃபெர்மென்டர் இருக்கிறதா, அதை மாணவர்கள் தொட விடுகிறார்களா என்று முதலில் கேள். எங்கள் காலத்தில் ஒன்று கண்ணாடி அறைக்குள் பூட்டியே கிடந்தது, ஆய்வுக்குழு வரும்போது மட்டும் துடைப்பார்கள். பூட்டியிருந்தால் விடுமுறையில் ஏதாவது ஆலையில் ட்ரெயினிங் தேடிக்கொள்.

*

மறுபடியும் ராணிப்பேட்டை அக்காதான். மாதிரி பாட்டில்களைக் கொண்டுபோகத் தெர்மோகோல் பெட்டி வாங்காதே தம்பி, லோக்கல் கூட்டத்தில் நசுங்கிவிடும். தாதரில் கனமான ஐஸ் பெட்டி விற்கிறார்கள். ஜூன் வருவதற்குள் வாங்கிவிடு, கூடவே முழங்கால் வரை வரும் கம்பூட்டும்.