பட்டப்பகலில் ஐந்தாறு பென்குயின்களா?

கலங்கரை:
"காலை பத்து மணிக்குப் பென்குயின் தீவில் இறங்கினோம்; பலகைப் பாதையோரம் ஐந்தாறு காட்டுப் பென்குயின்கள் நடந்து வந்து எங்களை வேடிக்கை பார்த்தன" என்று சிப்பி எழுதியிருக்கிறார். சிரிப்பதா, அழுவதா? மேற்கு ஆஸ்திரேலியாவில் ராக்கிங்ஹாமுக்கு எதிரே இருக்கும் அந்தத் தீவில் வாழ்பவை ஓரடி உயரச் சிறு பென்குயின்கள். விடியும் முன்பே மீன் தேடிக் கடலுக்குப் போனால் இருட்டிய பிறகுதான் கரையேறும். அதற்குள் பயணிகளின் கடைசிப் படகே போய்விடும். பத்து மணிக்கு இவர் பார்த்தது என்ன, கடற்காகமா?

சிப்பி:
நீல முதுகு, வெள்ளை வயிறு, தத்தித் தத்தி நடை. கடற்காகத்தையும் பென்குயினையும் பிரித்தறிய எனக்கு உங்கள் சான்றிதழ் தேவையில்லை ஐயா.

கலங்கரை:
எங்கே நடந்தன? வேலிக்குள்ளா? காட்டில் பிழைக்க முடியாத பென்குயின்களை வைத்துப் பராமரித்த மையம் ஒன்று அந்தத் தீவில் இருந்தது. அங்கே மீன் ஊட்டுவதைப் பார்த்துவிட்டு வந்து 'காட்டுப் பென்குயின்' என்று எழுதலாமா?

அலையோசை:
கலங்கரை அவர்களே, இறகு உதிர்க்கும் பருவத்தை வசதியாக மறந்துவிட்டீர்கள். கோடையில் இரண்டு மூன்று வாரங்களுக்குப் பழைய இறகு கொட்டிப் புதியது முளைக்கும். அதுவரை உடம்பில் நீர் ஒட்டும் என்பதால் கடலில் இறங்காமல் பகலெல்லாம் கரையில் பட்டினி கிடக்கும்.

கலங்கரை:
கிடக்கும்! நானும் அதைத்தான் சொல்கிறேன். பொந்திலும் புதருக்கடியிலும் கிடக்கும். இவரோ 'நடந்து வந்தன' என்கிறார். அதுவும் ஐந்தாறு! 2007இல் சுமார் 1,600 இருந்த கூட்டம் 2023இல் ஏறத்தாழ 120 ஆகிவிட்டது. கடல் சூடேறி, இரை மீன் குறைந்து, குஞ்சுகள் பிழைக்காமல் போன கதை அது. அந்த மிச்சத்தில் ஐந்தாறு இவரை வரவேற்கப் புறப்பட்டு வந்தனவாம்.

தோணி:
படகுக்கு எதற்குப் பணம்? மணல்திட்டு வழியாக முழங்கால் தண்ணீரில் நடந்தே போய்விடலாமே.

அலையோசை:
தயவுசெய்து யாரும் இதைக் கேட்காதீர்கள். கரையிலிருந்து சுமார் 700 மீட்டர். நடுவில் நீரோட்டமும் அலையும் இரு பக்கமிருந்தும் அடிக்கும். அந்தத் திட்டில் இழுத்துச் செல்லப்பட்டு இறந்தவர்கள் உண்டு.

தோணி:
நான் போய் வந்தேன், உயிரோடுதான் இருக்கிறேன்.

கலங்கரை:
தோணி என்று பெயர் வைத்துக்கொண்டு படகு வேண்டாம் என்பவரிடம் எனக்குப் பேச்சில்லை. சிப்பி, எந்த மாதம் போனீர்கள்?

சிப்பி:
போன முறை கடற்சிங்கத்தைக் கடல்நாய் என்று எழுதிவிட்டேன். காது மடலைக் காட்டித் திருத்தினீர்கள். அன்றிலிருந்து நான் என்ன எழுதினாலும் பூதக்கண்ணாடியோடு வருகிறீர்கள்.

கலங்கரை:
கடற்சிங்கத்துக்கு வெளிக்காது உண்டு. அது இன்றும் உண்மைதான். எந்த மாதம்?

சிப்பி:
பள்ளி விடுமுறையில்.

கலங்கரை:
விடுமுறை ஆண்டுக்கு நான்கு முறை வருகிறது. ஜூன் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை கூடு கட்டும் காலம் என்று தீவையே மூடிவிடுவார்கள். அதனால்தான் கேட்கிறேன். எந்த மாதம்?

சிப்பி:
நீங்கள் அந்தத் தீவில் எப்போது காலடி வைத்தீர்கள்? அதை முதலில் சொல்லுங்கள்.

கலங்கரை:
பிலிப் தீவில் மாலை மங்கும்வரை படிக்கட்டில் உட்கார்ந்து, கூட்டம் கூட்டமாகக் கரையேறுவதைக் கண்ணாரப் பார்த்தவன் நான்.

அலையோசை:
அது விக்டோரியா. நாட்டின் மறுகோடி. கேட்ட கேள்வி வேறு.

கலங்கரை:
பென்குயின் ஒன்றுதானே? நான் போனேனா இல்லையா என்பதை வைத்து அது பகலில் எழுந்து நடந்துவிடாது.

சிப்பி:
என்னிடம் படம் இருக்கிறது. உங்களுக்குக் காட்டும் எண்ணம் இல்லை.

தோணி:
எனக்காவது காட்டுங்கள். நடந்து போன எனக்கு ஒன்றுகூடத் தென்படவில்லை.

கலங்கரை:
படத்தில் தேதி இருக்குமே. எந்த மாதம்?